நோட்டைக் கொண்டுவரச் சொன்ன கம்ப்யூட்டர் வகுப்பு

எங்கள் பட்டறையின் வெள்ளிக் கணக்கு லாங் சைஸ் நோட்டில் இருக்கிறது. சிவப்பு அட்டை, வருடத்துக்கு ஒரு நோட்டு, சித்திரையில் மஞ்சள் குங்குமம் வைத்துத் தொடங்குவோம். மாமனார் காலத்து நோட்டுகள்கூட பீரோவின் அடித்தட்டில் பத்திரமாக இருக்கின்றன. இந்தப் பொங்கல் முடிந்த அடுத்த வாரம், நடப்பு வருட நோட்டைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மாடிப்படி ஏறினேன். என் வயது 51. எட்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்திருக்கிறேன். அந்த மாடியில் நடக்கும் கம்ப்யூட்டர் வகுப்பைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

சென்டரின் பெயரைப் போடவில்லை. ஒரு வேளைக்கு எட்டுப் பேர்தான் உட்கார முடியும், இப்போதே ஆட்கள் காத்திருக்கிறார்கள், பெயர் வேண்டாம் என்று டீச்சர் கேட்டுக்கொண்டார். வெள்ளிக் கடைகளில் "பெரியவங்களுக்குச் சொல்லித்தர்ற டீச்சர்" என்று கேட்டால் வழி காட்டிவிடுவார்கள். வேறு ஊரில் இருப்பவர்களுக்கும் இது உதவலாம். உங்கள் ஊரில் சேரப்போகும் இடம் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு அளவுகோல் கிடைக்கும்.

நான் ஏன் இந்த வயதில் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் கொலுசு செய்கிறவர்கள். சிவதாபுரத்தில் வீட்டோடு சேர்ந்த பட்டறை. வியாபாரி கட்டி வெள்ளி கொடுப்பார். நாங்கள் உருக்கி, கம்பி இழுத்து, பொடி வைத்து ஊதி, சலங்கை கோத்து, கொலுசாகத் திருப்பிக் கொடுப்போம். கொலுசின் எடைக்கு டச் (நூற்றுக்கு எத்தனை பங்கு சுத்த வெள்ளி) எவ்வளவு, சேதாரம் (வேலையில் வீணாகும் வெள்ளிக்குச் சேர்ப்பது) எவ்வளவு என்று போட்டு, அதைச் சுத்த வெள்ளியாக மாற்றி, வாங்கிய கட்டியில் கழிக்க வேண்டும். மீதி நிற்பது பாக்கி. ஒரு வியாபாரிக்கு வாரத்தில் நாலைந்து வரவு செலவு வரும். எங்களுக்கு ஆறு வியாபாரிகள். 26 வருடமாக இந்தக் கணக்கை எழுதுவது நான்தான்.

சில வருடங்களாக வியாபாரிகள் கணக்கை எக்செல் ஷீட்டாக வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். போனில் திறந்தால் பாதிக் கட்டம்தான் தெரியும். போன ஐப்பசியில், தீபாவளி வேலை முடிந்த கையோடு வந்த ஒரு ஷீட்டுக்கும் எங்கள் நோட்டுக்கும் மொத்த எடையில் 90 கிராம் வித்தியாசம். ஒரு ஜோடி கொலுசின் எடை அது. வெள்ளி விற்கிற விலையில் சும்மா விட முடியுமா? மகன் பெங்களூரிலிருந்து போனில், "அம்மா, அவங்க ஃபார்முலா போட்டிருப்பாங்க, தப்பு வராது" என்றான். எனக்கு மனசு கேட்கவில்லை. மாமனார் ஒரு வழி சொல்லிக்கொடுத்திருந்தார். வித்தியாசம் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபட்டால், பக்கத்துப் பக்கத்து இலக்கம் இரண்டு இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். 90 வகுபடும். மூன்று ராத்திரி உட்கார்ந்து தேடினேன். 3,546 என்று இருக்க வேண்டிய இடத்தில் 3,456 என்று எழுதியிருந்தேன். தப்பு எங்கள் பக்கம்தான், ஒத்துக்கொண்டு கணக்கை நேர் செய்தோம். அதன் பிறகும் எனக்குத் தூக்கம் வரவில்லை. தப்பு அவர்கள் பக்கம் இருந்திருந்தால்? அந்த ஷீட்டைத் திறந்து, "இதோ இந்தக் கட்டம்" என்று விரல் வைத்துக் காட்ட எனக்குத் தெரிந்திருக்காது. கணக்கு எழுதுகிறவளுக்குக் கணக்கு படிக்கத் தெரியாத நிலைமை. அது எனக்குப் பொறுக்கவில்லை.

இரண்டு வருடம் முன்பு ஊரின் வேறொரு பக்கத்தில் ஓர் இடத்தில் ஒரு மாதம் போயிருக்கிறேன். கல்லூரிப் பிள்ளைகளோடு உட்கார வைத்தார்கள். முதல் வாரம் முழுக்கக் கம்ப்யூட்டரின் தலைமுறைகள், வால்வு, டிரான்சிஸ்டர் என்று இங்கிலீஷில் சொல்லச் சொல்ல எழுதினோம். அதற்கப்புறம் மவுஸ் கைக்கு வந்தது. ஒரு இடத்தில் நான் திணறினால் சொல்லித்தருபவர் வந்து என் கையிலிருந்து மவுஸை வாங்கி, டக் டக் டக் என்று நாலு இடத்தில் அழுத்தி, "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார். வேலை முடிந்திருக்கும், எனக்குள் ஒன்றும் ஏறியிருக்காது. வீட்டில் மகனும் இப்படித்தான். அவன் மேல் குறையில்லை, அவசரம். ஆனால் மாவு பிசையக் கற்றுக்கொள்கிற பிள்ளையின் கையிலிருந்து மாவை வாங்கிப் பிசைந்து காட்டிக்கொண்டே இருந்தால், அந்தப் பிள்ளைக்கு எந்தக் காலத்திலும் பதம் பிடிபடாது.

செவ்வாய்ப்பேட்டை டீச்சருக்கு முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். நான் டீச்சர் என்று கூப்பிடுவேன், அவர் என்னை அக்கா என்பார். சேர்வதற்கு முன் விசாரிக்கப் போன அன்று அவர் என்னிடம் படிப்பு என்ன, இங்கிலீஷ் தெரியுமா என்று எதுவும் கேட்கவில்லை. "வீட்டுல தினமும் எந்த நோட்டைத் திறப்பீங்கக்கா?" என்று கேட்டார். வெள்ளிக் கணக்கு நோட்டு என்றேன். "அதைக் கொண்டு வாங்க. ரெண்டு மாசம் கழிச்சு அந்த நோட்டு இதுக்குள்ள இருக்கும்" என்று திரையைக் காட்டினார். அந்த ஒரு பேச்சில்தான் பணம் கட்டினேன்.

முதல் நாளே இன்னொன்றையும் கவனித்தேன். டீச்சர் நம் பின்னால் நின்று பார்க்கும்போது இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். அவர் நம் மவுஸைத் தொடவே மாட்டார். இரண்டு மாதத்தில் ஒரு முறைகூட என் மவுஸ் அவர் கைக்குப் போனதில்லை. "மேலே இடது ஓரம் பாருங்க, இன்னும் கொஞ்சம் கீழே, ஆங், அதுதான்" என்று வாயால் மட்டும் வழி சொல்வார். ஒரு ஃபைலைத் தேடி எடுக்க எனக்குப் பதினைந்து நிமிடம் ஆன நாள் உண்டு. அந்தப் பதினைந்து நிமிடமும் அவர் நின்றார். இந்த ஒரு குணத்துக்காகவே நான் இந்த இடத்தை யாருக்கும் சொல்வேன்.

மவுஸ் பழக மூன்று நாள் சீட்டு விளையாட்டு. கம்ப்யூட்டரில் ஒருவரே ஆடுகிற சாலிடேர். எங்கள் வீட்டில் சீட்டுக்கட்டைத் தொட்டதில்லை, எனக்குச் சங்கடமாக இருந்தது. 1990-இல் விண்டோஸ் 3.0 வந்தபோதே அதோடு இந்த விளையாட்டும் வந்தது, அழுத்திப் பிடித்து இழுத்து விடும் பழக்கம் கைக்கு வர இதைவிட நல்ல பயிற்சி இல்லை என்று டீச்சர் விளக்கினார். சரி என்று ஆடினேன். மூன்றாம் நாள் கை தானாகப் போனது.

எனக்கு டபுள் கிளிக் வரவில்லை. ஊதுகுழல் பிடித்துப் பழகிய கை, இரண்டு முறை வேகமாகத் தட்டுவதற்குள் மவுஸ் நகர்ந்துவிடும். வயதானால் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டீச்சர் என்னைக் கொண்டே மவுஸ் செட்டிங்கைத் திறக்க வைத்தார். டபுள் கிளிக் வேகத்துக்கு அங்கே ஒரு நழுவுபட்டை இருக்கிறது. அதை மெதுவான பக்கம் இழுத்ததும், நிதானமாகத் தட்டினாலும் திறந்தது. எழுத்து பொடிசாகத் தெரிகிறது என்றேன். திரை அளவை 150 சதவீதத்துக்கு மாற்றச் சொன்னார், அம்புக்குறியையும் பெரிதாக்கினோம். கண்ணுக்கும் கைக்கும் ஏற்ற மாதிரி மெஷினை மாற்றிக்கொள்ளலாம் என்பது எனக்குப் புதுச் செய்தி. முன்பு போன இடத்தில் ஒரு மாதம் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்துத் தலைவலியோடு வீடு திரும்பியிருக்கிறேன். ஒரு வரி யாராவது சொல்லியிருந்தால் போதும்.

ஃபைலைச் சேமிப்பதற்கு ஒரு முழு வகுப்பு. நாங்கள் எல்லோரும் பத்து வரி டைப் செய்த பிறகு, டீச்சர் சொல்லாமல் கொள்ளாமல் மெயின் சுவிட்சை அணைத்தார். யுபிஎஸ்ஸில் போடாத இரண்டு கம்ப்யூட்டர்கள் செத்துவிட்டன. அதில் ஒன்று என்னுடையது. திரும்பப் போட்டால் நான் அடித்த வரிகள் இல்லை. "இப்ப மனசு எப்படி இருக்கோ அதை ஞாபகம் வச்சுக்கோங்கக்கா" என்றார். அன்றிலிருந்து நாலு வரிக்கு ஒரு முறை கன்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்துத் தட்டுகிறேன். திரையை மட்டும் அணைத்தால் கம்ப்யூட்டர் அணையாது என்பதையும் அன்றைக்கே காட்டினார். ஃபோல்டர் என்றால் என்ன என்று பாடம் எடுக்கவில்லை. என் நோட்டை மேஜை மேல் வைத்து, "இது எந்த பீரோ, எந்தத் தட்டு?" என்று கேட்டார். வருடத்துக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் வியாபாரிக்கு ஒன்று என்று ஆறு ஃபோல்டர்களை நானே உண்டாக்கிப் பெயர் வைத்தேன்.

அப்புறம் எக்செல். இதை விரிவாகச் சொல்லாமல் இருக்க முடியாது.

நோட்டில் நான் கோடு போட்டு வைத்திருக்கிற அதே வரிசையில் மேலே தலைப்பு அடிக்கச் சொன்னார். தேதி, எடை, டச், சேதாரம், சுத்த வெள்ளி. 1,250 கிராம் கொலுசு, 72 டச், 3 சேதாரம். நோட்டில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். 72-ம் 3-ம் கூட்டி 75, அதை 1,250-ஆல் பெருக்கி நூறால் வகுப்பேன், 937.5 கிராம் வரும் என்றேன். "நீங்க சொன்னதை அப்படியே எழுதுங்க, எண்ணுக்குப் பதிலா அது இருக்கிற கட்டத்தோட பேரைப் போடுங்க" என்றார். சமக் குறி, பி2 (எடை இருக்கும் கட்டம்), பெருக்கலுக்கு நட்சத்திரக் குறி, அடைப்புக்குள் சி2 கூட்டல் டி2 (டச்சும் சேதாரமும்), பிறகு வகுத்தல் 100. எண்டர் தட்டினேன். 937.5 வந்து நின்றது. மகன் போனில் ஃபார்முலா ஃபார்முலா என்று சொன்னது இதுதானா! 26 வருடமாக நான் வாயால் சொல்லிக்கொண்டிருந்த கணக்கை, கட்டத்தின் பெயர் வைத்துச் சொன்னால் அது ஃபார்முலா.

கட்டத்தின் வலது கீழ் மூலையில் ஒரு சின்னச் சதுரம் இருக்கும். அதைப் பிடித்துக் கீழே இழுத்தால் முப்பது வரிக்கும் கணக்கு ஓடிவிடுகிறது. பிறகு ஒரு எடையை மாற்றிப் பாருங்கள் என்றார். 1,250-ஐ 1,260 ஆக்கினேன், பக்கத்தில் 945 ஆனது, அடியில் மொத்தமும் மாறியது. நோட்டாக இருந்தால் ஒரு எண்ணைத் திருத்தினால் அந்தப் பக்கம் முழுக்க அடித்துத் திருத்தி, அடுத்த பக்கத்தின் கொண்டுவந்த கணக்கையும் திருத்த வேண்டும். நான் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். டீச்சரும் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்தவரிடம் போய்விட்டார்.

தப்புகளும் வந்தன. அவற்றைத்தான் அதிகம் ஞாபகம் வைத்திருக்கிறேன். நோட்டில் எழுதுகிற பழக்கத்தில் எடைக்குப் பக்கத்தில் "கிராம்" என்றும் சேர்த்து அடித்தேன். ஃபார்முலா கட்டத்தில் வேல்யூ என்று இங்கிலீஷில் ஏதோ கத்தியது. எண்ணோடு எழுத்தைச் சேர்த்தால் அது எண் என்று எக்செலுக்குத் தெரியாது, வெறும் வார்த்தையாக வைத்துக்கொள்ளும். கண்டுபிடிக்க ஒரு அடையாளம் இருக்கிறது. நாம் எதையும் மாற்றாத வரை எண்கள் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், வார்த்தைகள் இடப்பக்கம் நிற்கும். இடப்பக்கம் நிற்கிற எடையைப் பார்த்தால் இப்போது எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும்.

தேதியில் இன்னொரு வம்பு. போன வருட வரவுகளைத் தேதி வாரியாக அடுக்கச் சொன்னால், ஜூன் 5-ஆம் தேதி வரவு மே மாதத்துக்குள் போய் உட்கார்ந்தது. ஜூன் 13-ஆம் தேதியோ இடப்பக்கம் ஒட்டிக்கொண்டது. அந்தக் கம்ப்யூட்டர் அமெரிக்க வழக்கத்தில் வைக்கப்பட்டிருந்ததுதான் காரணம். அவர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள். ஆகவே 5/6 என்றால் மே 6, 13/6 என்றால் பதின்மூன்றாம் மாதம் கிடையாது என்பதால் வெறும் வார்த்தை. விண்டோஸில் ரீஜன் என்ற இடத்தில் இந்தியா என்று மாற்றிய பிறகு அடித்தவை சரியாக வந்தன. ஏற்கெனவே தப்பாகப் பதிந்ததை மட்டும் ஒவ்வொன்றாகத் திருத்தினேன். இதை எந்தக் கடைக்காரரிடமாவது சொல்லுங்கள், பாதிப் பேருக்கு இது நடந்திருக்கும், காரணம் தெரிந்திருக்காது.

ஜிஎஸ்டி கணக்குக்கு டாலர் குறி கற்றுக்கொண்டேன். கூலி வேலைக்கு 5 சதவீதம், நகையாக விற்றால் 3 சதவீதம், அதில் மத்திய வரி 1.5, மாநில வரி 1.5. இந்த வீதத்தை மேலே ஒரு கட்டத்தில் வைத்துவிட்டு ஃபார்முலாவைக் கீழே இழுத்தால், வீதக் கட்டமும் கூடவே ஒவ்வொன்றாகக் கீழே இறங்கிவிடும். முதல் வரி சரி, இரண்டாவது வரியிலிருந்து பூஜ்யம். கட்டத்தின் பெயருக்குள் டாலர் குறி போட்டால் அது ஆணி அடித்த மாதிரி அங்கேயே நிற்கும். இதை என் மண்டைக்குள் ஏற்ற இரண்டு வகுப்பு ஆனது. டீச்சர் அலுத்துக்கொள்ளவில்லை.

மாசி கடைசியில் அந்த ஐப்பசி மாதக் கணக்கை எடுத்தேன். வியாபாரியின் ஷீட்டில் இருந்த எடைகளை ஒரு வரிசையில் ஒட்டினேன், என் நோட்டில் திருத்துவதற்கு முன் இருந்த எடைகளைப் பக்கத்து வரிசையில் அடித்தேன், மூன்றாவது வரிசையில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கச் சொன்னேன். மேலிருந்து கீழ்வரை பூஜ்யம். ஒரே ஒரு வரியில் 90. மூன்று ராத்திரி தேடியது அது. அடித்து முடிக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது, இழுத்துவிட்டதும் வித்தியாசம் கண் முன்னால் நின்றது. மாமனாரின் ஒன்பது கணக்கை டீச்சரிடம் சொன்னேன். அவருக்கு அது தெரியாது. வகுப்பில் எல்லோருக்கும் சொல்லச் சொன்னார், பலகையில் எழுதி நான் விளக்கினேன்.

கூடப் படித்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். லாரி புக்கிங் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு ஐயா, 68 வயது. கை நடுங்கும், டைப் செய்ய முடியாது. கூகுள் டாக்ஸில் மைக்கைத் தட்டிவிட்டுத் தமிழில் பேசினால் எழுத்தாக விழும் என்று காட்டியதும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! முதல் பக்கத்தில் தன் தாயாரைப் பற்றிப் பேசினார். ஏற்காட்டிலிருந்து ஒரு அண்ணன், காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். பழப் பறிப்பு முடிந்த பிறகுதான் வந்து சேர முடிந்தது அவருக்கு. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து, வகுப்பு முடிந்து அதே வளைவுகளில் ஏறிப் போவார். அவருக்கும் அவருடைய நோட்டுதான் பாடம். ஆள் கணக்கு, பறித்த கிலோ, கூலி. ஆளுக்கு ஒரு நோட்டு, ஆளுக்கு ஒரு பாடம் என்று எட்டுப் பேருக்கும் டீச்சர் எப்படித்தான் தயார் செய்கிறாரோ.

தமிழ் டைப்பிங் விஷயத்தில் எனக்கு ஒரு கருத்து உண்டு. இங்கிலீஷ் எழுத்தில் அடித்தால் தமிழாக மாறும் முறையைத்தான் முன்பு போன இடத்தில் சொல்லித்தந்தார்கள். அதற்கு முதலில் அந்தச் சொல்லை இங்கிலீஷில் நினைக்க வேண்டும். தமிழில் படித்த எனக்கு அது இரட்டை வேலை. இங்கே தமிழ் 99 பழகினேன். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த விசைப்பலகை அது. உயிரெழுத்துகள் இடது கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலது கைப் பக்கம். க அடித்து ஒ அடித்தால் கொ. ல அடித்து உ அடித்தால் லு. கொலுசு என்ற சொல்லுக்கு ஆறு தட்டு. அம்மா என்பதற்கு அ, ம, ம, ஆ என்று நாலே தட்டு, ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதுக்கு அதுவே புள்ளி வைத்துவிடும். ங-வுக்குப் பின் க, ஞ-வுக்குப் பின் ச வந்தாலும் அப்படியே. நமக்குப் பள்ளியில் சொல்லித்தந்த எழுத்து முறையோடு அது ஒத்துப்போகிறது. விண்டோஸிலேயே இந்தப் பலகை இருக்கிறது, தனியாக எதையும் வாங்க வேண்டியதில்லை. தினமும் கால் மணி நேரம் வீதம் மூன்று வாரம் அடித்தேன். எஃப், ஜே விசைகளில் சின்ன மேடு இருக்கிறதே, ஆள்காட்டி விரல் இரண்டும் அங்கே இருக்க வேண்டும் என்பதற்காக வைத்தது அது. பார்க்காமல் அடிக்கிற அளவுக்கு இன்னும் வரவில்லை, வந்துவிடும்.

மோசடி பற்றி ஒரு வகுப்பு வைத்தார். மின்கட்டணம் கட்டவில்லை, இன்று இரவு 9.30 மணிக்கு இணைப்பைத் துண்டிப்போம், இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள் என்று போனுக்கு வருமே, அதைத் திரையில் போட்டுக் காட்டினார். எட்டுப் பேரில் ஐந்து பேருக்கு அது வந்திருந்தது. வந்த எண்ணுக்குக் கூப்பிடக் கூடாது, மின்வாரியத்தின் தளத்தை நாமே திறந்து பார்க்க வேண்டும், ஓடிபியை யாருக்கும் சொல்லக் கூடாது, பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்குக் கூப்பிட வேண்டும். இந்த எண்ணை எங்கள் பட்டறைச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறேன்.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையில்லை. இணையப் பகுதி போதவில்லை. இமெயில் தொடங்குவது, ஃபைலை இணைத்து அனுப்புவது, ஜிஎஸ்டி தளத்தைத் திறந்து பார்ப்பது எல்லாம் சேர்த்து ஐந்தே வகுப்பு. எக்செலுக்கு மூன்று வாரம் கொடுத்தவர் இதற்கு இன்னும் ஒரு வாரமாவது கொடுக்க வேண்டும். இமெயிலில் நான் இன்னும் தடுமாறுகிறேன். அச்சடித்த தமிழ்க் குறிப்பு எதுவும் கிடையாது. அவரவர் எழுதிக்கொள்வதுதான். எழுதினால்தான் மனசில் நிற்கும் என்கிறார் டீச்சர், எனக்கும் அது சரி என்றுதான் படுகிறது, ஆனாலும் விசைகளின் பட்டியல் ஒரு பக்கம் கொடுத்தால் வீட்டில் உதவும். இரண்டு கீபோர்டில் எழுத்துகள் தேய்ந்து போயிருக்கின்றன. பழகியவர்களுக்குப் பரவாயில்லை, முதல் வாரக்காரருக்கு அது பெரிய தொல்லை. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பங்குனியில் மதிய வகுப்பில் உட்காருவது சிரமம், இரண்டு ஃபேன் போதாது.

இன்னொன்று, எல்லாக் கம்ப்யூட்டரிலும் விண்டோஸ் 10. அதற்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமாகக் கொடுக்கும் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. கற்றுக்கொள்வதற்கு ஒன்றும் ஆகாது. அதில் பேங்க் வேலை பார்க்காதீர்கள் என்று டீச்சரே சொல்கிறார். மகன் விட்டுப்போன என் வீட்டு லேப்டாப்பும் பழசு, விண்டோஸ் 11 ஏறவில்லை. அதில் எக்செலும் இல்லை. அதற்கு டீச்சர் லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளை எப்படி இறக்குவது என்று சொல்லித்தந்தார், நானே இறக்கினேன். அதில் எக்செல் மாதிரியே கால்க் என்று ஒன்று இருக்கிறது. நான் கற்ற ஃபார்முலா அத்தனையும் அதில் அப்படியே ஓடுகிறது.

யாருக்கு இது சரிப்படாது என்றும் சொல்லிவிடுகிறேன். அரசு அலுவலகத் தட்டச்சர் வேலைக்குப் போக நினைப்பவர்கள், தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் சி.ஓ.ஏ. என்ற அலுவலகக் கம்ப்யூட்டர் தேர்வுக்குத் தயார் செய்கிற இடமாகப் பார்த்துச் சேருங்கள். இங்கே சான்றிதழ் எதுவும் தர மாட்டார்கள். டேலி என்ற கணக்கு மென்பொருள் வேண்டும் என்றாலும் இங்கே கிடையாது. கையில் ஒரு நோட்டும், அந்த நோட்டைப் பற்றி ஒரு கவலையும் இருப்பவர்களுக்கான இடம் இது.

எனக்கு இரண்டு மாதத்துக்கு 3,500 ரூபாய் ஆனது. வாரத்தில் ஐந்து நாள், ஒன்றரை மணி நேரம். காலை 11 மணி வகுப்பு ஒன்று, மதியம் 2.30 மணிக்கு ஒன்று. வெயில் காலத்தில் காலை வகுப்பைக் கேளுங்கள். ஆர்டர் நெருக்கடியில் எனக்கு நாலு வகுப்பு தவறியது, சனிக்கிழமைகளில் உட்கார வைத்து ஈடு செய்தார், கூடுதல் பணம் கேட்கவில்லை. இளம்பிள்ளை ரோட்டில் இருந்து வருகிறவர்கள் நேராகச் செவ்வாய்ப்பேட்டையில் இறங்கிக்கொள்ளலாம். மதிய வகுப்பு முடிந்து இறங்கும் நேரத்துக்குத் தெருமுனையில் தட்டுவடை செட் போடத் தொடங்கியிருப்பார்கள். அந்த அம்மாவின் கடையில் பூண்டுச் சட்னி நன்றாக இருக்கும்.

நான் பில் போடுவதைக் கற்றுக்கொள்ள இன்னும் ஒரு மாதம் நீட்டித்திருக்கிறேன். இந்தச் சித்திரையில் நோட்டுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்தோம், கூடவே லேப்டாப்பில் புது வருட ஃபோல்டரும் திறந்தாயிற்று. ஒரு வருடம் இரண்டிலும் எழுதப்போகிறேன். படிக்கட்டுக்குக் கைப்பிடி போடச் சொல்லி டீச்சரிடம் கேட்டிருக்கிறோம், கட்டடக்காரரிடம் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். முட்டி வலி உள்ளவர்கள் அதுவரை இடது பக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறுங்கள். எட்டாவது படி மற்ற படிகளைவிட உயரம்.